சார்த்தரில் ஒரு தவக்கால வெள்ளி

அன்புள்ள டீச்சர்,

பாளையங்கோட்டையில் வெயில் ஏறியிருக்கும், உங்கள் கோயிலில் லெந்துக் கூட்டங்களும் தொடங்கியிருக்கும். இங்கே பிரான்சில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத குளிர். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சார்த்தருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோதுமை வயல்களுக்கு அப்பால், ஊர் கண்ணில் படுமுன்பே மாதா கோயிலின் இரண்டு கோபுரங்களும் தெரிந்துவிடுகின்றன, ஒன்று உயரம், ஒன்று சற்றுக் குட்டை.

இப்போதிருக்கும் கோயிலின் பெரும்பகுதி 1194இல் பழைய கோயில் தீப்பிடித்த பிறகு எழுப்பியது. இதன் கண்ணாடி நீலத்தைப் பற்றி ஊரே எழுதிவிட்டது. நான் தரையைப் பற்றி எழுதுகிறேன்.

நடுக்கூடத்தில் 13ஆம் நூற்றாண்டில் கல்லால் பதித்த சுழல்பாதை ஒன்று இருக்கிறது. குறுக்களவு கிட்டத்தட்ட 13 மீட்டர், வளையங்கள் 11, நடை மொத்தம் 260 மீட்டர் சொச்சம். சாதாரண நாளில் மேலே நாற்காலிகள் கிடக்கும். தவக்காலம் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் அவற்றை அகற்றி நடக்க விடுகிறார்கள். நம் ஊரில் சிலுவைப்பாதை செய்யும் அதே வெள்ளி.

சக்கரவியூகம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் கிளைவழியே கிடையாது, ஒரே பாதைதான். நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே நடுவட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோகிறது, காலை எட்டி வைத்தால் தொட்டுவிடலாம். அப்புறம் திருப்பித் திருப்பி, வெளி வளையத்துக்கே தள்ளிவிடுகிறது. பாதையின் அகலம் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல், எதிரே திரும்பி வருகிறவருக்கு ஒருக்களித்து வழிவிட வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு நடந்த ஓர் அம்மாள் என் தோளை உரசிக்கொண்டு போனார். அடுத்த திருப்பத்தில் பார்த்தால் கூடத்தின் அந்தப் பக்கம். அவர் எனக்கு முன்னாலா, பின்னாலா, கடைசிவரை புரியவில்லை. வெளி வளையத்தில் எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்துதான் சட்டென்று ஒன்றிரண்டு திருப்பத்தில் நடுவுக்கு வந்து சேர்கிறோம்.

அம்மா போனதிலிருந்து நான் இருக்கிற இருப்பு உங்களுக்குத் தெரியும். செபமாலை விரலில் உருளும், மனசு எங்கோ நிற்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், வறட்சி, கடந்துபோகும் என்கிறார்கள். பொய்யில்லை, ஆனால் போதவில்லை. அந்த வெளி வளையத்தில் நடக்கும்போது உங்கள் சபை வேதாகமத்தில் யாத்திராகமம் என்பீர்களே, அதன் 13ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பெலிஸ்தர் நாட்டு வழிதான் கிட்டத்து வழி. கடவுள் அதில் கூட்டிப்போகவில்லை; சண்டையைக் கண்டால் ஜனங்கள் எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று வனாந்தரத்தில் சுற்றவிட்டார். சுற்றியவர்கள் முறுமுறுத்ததுதான் மிச்சம். தவக்கால முதல் ஞாயிறு வாசகத்திலும் இயேசு வழிதவறியா பாலைவனம் போகிறார்? ஆவியானவரே கொண்டுபோகிறார். மாற்கு இன்னும் கடுமை, துரத்திவிட்டதாகவே எழுதுகிறார். அப்படியிருக்க, திக்குத் தெரியாமல் தவிப்பதையெல்லாம் பாவக் கணக்கில் சேர்க்கச் சொன்னது யார், டீச்சர்? துக்கம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் கணக்கை மட்டும் கிழித்துப் போட்டேன்.

எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் அந்தக் காலத்தில் இதிலே முழங்காலால் நகர்ந்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். மத்திய காலத்து ஆதாரம் எதுவும் இல்லை என்பது ஆய்வாளர் கட்சி. வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் போகிறவர்களைப் பார்த்தவள் நான், எனக்கு நம்பத்தான் ஆசை.

நடுவட்டத்தில் ஒரு காலத்தில் உலோகத் தகடு இருந்தது, மாட்டுத்தலை அரக்கனைக் கொன்ற கிரேக்க வீரன் தேசியுஸ் அதில் இருந்தானாம். சாவுக்குள் இறங்கித் திரும்பி வந்த இயேசுவுக்கு அவன் ஓர் அடையாளம். புரட்சிக் காலத்தில், 1792இல், பீரங்கி வார்க்க அந்தத் தகட்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆணித் தலைகள் மட்டும் காலில் தட்டுப்படுகின்றன.

ஓசேர் நகரத்துப் பேராலயத்திலும் இப்படி ஒரு பாதை இருந்தது, இப்போது இல்லை. அங்கே ஈஸ்டர் பிற்பகலில் குருக்கள் கைகோத்து அதைச் சுற்றி ஆடுவார்கள், பாஸ்காப் பாட்டுப் பாடிக்கொண்டே பந்து வீசிப் பிடிப்பார்கள். 1538இல் பாரிசு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நடுவட்டத்தில் கண்ணை மூடி நின்றபோது எங்கள் பங்குச்சாமி பந்தை வீச, உங்கள் சபை ஐயர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிடிப்பது போல ஒரு காட்சி மனசில் வந்து, சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

குருத்தோலை ஞாயிறுக்குள் ஊர் வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஸ்டாஃப் ரூம் தோழி