குளம் நிரம்பாவிட்டால்

பத்தாம் தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியில் நான் அடிக்கடி பார்க்கிற வசனம் இது: ‘இஃப் இட் வில் ரெயின், த டாங்க் வில் ஸ்பில்.’ முதல் ‘வில்’லைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பிள்ளை சும்மா எழுதவில்லை. மழை இனித்தானே வரப்போகிறது, அதனால் வருங்காலம் போட்டிருக்கிறது. அதே பிள்ளை தமிழில் ‘மழை பெய்தால் குளம் வான் பாயும்’ என்கிறது. இன்னும் வராத மழைக்கு, ‘பெய்தது’ என்பதில் உள்ள இறந்தகால வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், நிபந்தனைக்குள் வருங்காலம் வராது என்ற ஆங்கில விதி பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாது.

‘அன்லெஸ்’ இன்னும் பொல்லாதது. ‘குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சிறுபோகம் விதைக்க ஏலாது’ என்று நினைத்துக்கொண்டு எழுதும் பிள்ளை, ‘அன்லெஸ் தெயார் இஸ் நோ வோட்டர்’ என்று தொடங்கும். ‘இல்லை’ என்பது ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு ‘நோ’ சேர்ந்தால் வயல் தலைகீழாகிவிடும். தண்ணீர் இருந்தால் விதைக்க ஏலாது என்று வாசிக்க வேண்டிவரும்.

தமிழில் இந்த இணைப்பெல்லாம் வினையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும்: பெய்தால், பெய்தாலும், பெய்ததால். காரணம் முன்னுக்கு, காரியம் பின்னுக்கு. ஆங்கிலத்தில் இணைப்புச்சொல் துணைவாக்கியத்தின் தலையில் நிற்கும். அந்தத் துணைவாக்கியம் முன்னுக்கும் வரலாம், பின்னுக்கும் வரலாம். முன்னுக்கு வந்தால் காற்புள்ளி, பின்னுக்கு வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. ‘பிகாஸ்’ மட்டும் எங்கள் பிள்ளைகளிடம் தனிவசனமாகவே வரும். ‘ஏனென்றால்’ என்று புதிதாகத் தொடங்கிப் பழகிய கை அது. ‘காய்ச்சல் வந்ததால் வரவில்லை’ என்று முதலில் சொல்ல வைத்தால், இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும்.

இதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. இலங்கை அரசியலமைப்பில் 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்த பிள்ளை அங்கே போய் ஆங்கிலத்தில் பரிசோதனை அறிக்கை எழுதவேண்டும். அறிக்கை முழுக்க ‘இதனால்’, ‘இருந்தபோதிலும்’, ‘வரைக்கும்’தான். கீறிட்ட இடம் நிரப்பிப் புள்ளி எடுத்த பழக்கம் அதற்குக் காணாது.

லண்டன் மழையையும் பனியையும் வைத்துப் பயிற்சி கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். வன்னியில் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய்வரும் தகப்பன்மார் வீட்டில் பேசுவதே நிபந்தனை வசனந்தான். ‘துருசு திறக்கும் வரைக்கும் உழவேண்டாம்.’ ‘தண்ணீர் குறைந்தாலும் உழுந்து போடலாம்.’ ‘பசளை வராவிட்டால் என்ன செய்வது?’ இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். ஆங்கிலமாக்குவது வகுப்பில்.