தேடியதற்கும் கூலி உண்டு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை ஒரே தெரு என்று நினைத்துப் போகிறவர்கள் குழம்பிவிடுவார்கள். நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாகக் கிளை பிரியும் சந்தை அது. கீழே செல்போன் உறைகளும் சிசிடிவி கேமராக்களும் தொங்க, மாடியறைகளில் பழுது பார்ப்பவர்களின் மேசைகள். நான் பார்க்கப் போனது பேஸ் கிதார் ஆம்ப் சரிசெய்யும் வேலையை. பின்பக்கம் கழற்றிய பெட்டி, மல்டிமீட்டர், ஈயம், பேஸ்ட், சால்டரிங் அயர்ன், தூசு தட்டப் பழைய பல் பிரஷ். மேசையில் இருப்பது இவ்வளவுதான். இந்த வேலையில் கையின் பங்கு சிறிது. ஈயத்தை உருக்கிப் பாகத்தை எடுத்து, புதியதை வைக்கச் சில நிமிடம் போதும். எந்தப் பாகத்தை எடுப்பது என்று தெரிவதற்குத்தான் அரை நாள் ஆகிறது. நாமோ அந்த அரை நாளுக்குக் காசு கொடுப்பதில்லை. மாற்றிய பாகம் என்ன விலை என்று கேட்டு, அதன்மேல் கொஞ்சம் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிறோம். இந்தக் கணக்கு தவறு. நல்ல மெக்கானிக்கையும் மோசமான வேலைக்குத் தள்ளுகிற கணக்கு இது என்பதை அந்த மேசையில் நடப்பதை வைத்தே காட்ட முடியும்.

முதலில் பேஸ் ஆம்ப் ஏன் இப்படிப் பழுதாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இளையராஜா பாடல்களில் தனி மெட்டாகவே நடந்துபோகும் பேஸை நாம் அறிவோம். ஸ்டுடியோவில் அந்த ஒலியைப் பெரும்பாலும் கேபிள் வழியே நேராகப் பதிவு மேசைக்குக் கொண்டுபோய்விடலாம். மேடையில் அது முடியாது. நான்கு தந்தி பேஸில் தடித்த தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கூட்டத்துக்குக் கேட்க வைக்க ஸ்பீக்கரின் கூம்பு நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். அதற்கு மற்ற கிதார்களைவிடப் பல மடங்கு வாட் தேவைப்படுகிறது. லியோ ஃபெண்டர் 1951இல் மின் பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த மறு ஆண்டே அதற்கென்று தனி ஆம்ப் செய்ய வேண்டி வந்ததும் இதனால்தான். கூடுதல் வாட் என்றால் கூடுதல் சூடு. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் ஒவ்வொரு தந்தி மீட்டலுக்கும் சர்க்யூட் போர்டு நடுங்குகிறது. கனமான கண்டென்சர்களும் ஜாக்குகளும் ஈயப் பற்றிலிருந்து மயிரிழையளவு விடுபடுகின்றன. இதைத்தான் மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்கிறார்கள். இதோடு நம் ஊர் சேர்ந்துகொள்கிறது. கோடைத் திருவிழாவில் திறந்தவெளி மேடை, ஏறி இறங்கும் ஜெனரேட்டர் வோல்டேஜ், கடற்கரை நகரங்களில் ஜாக்கின் தகடுகளைக் கறுக்கச் செய்யும் உப்புக் காற்று. பழுது என்பது இந்தப் பெட்டி வாழ்ந்த வாழ்க்கையின் விளைவு. அதனால் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் விசாரிக்கிறார். போட்டவுடனே சத்தம் போகிறதா, சூடான பிறகா? எந்த ஸ்பீக்கரில் மாட்டினீர்கள்? மழையில் நனைந்ததா? ஃப்யூஸை யாராவது மாற்றினார்களா?

விசாரணைக்குப் பிறகும் ஆம்பைத் திறக்க அவசரப்படக் கூடாது. சத்தம் வரவில்லை என்ற புகாரோடு வரும் பெட்டியில் பழுது பெட்டிக்கு வெளியே இருப்பது சாதாரணம். கேபிளின் முனையில் அறுந்த இழை, கிதாருக்குள் தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரி, ஸ்பீக்கர் வயரில் தளர்ந்த முனை. ஸ்பீக்கரைச் சோதிக்கச் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போதும். முனைகளில் தொட்டால் கூம்பு அசைந்து ‘டப்’ என்று கேட்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழு என்று காட்டினால் அதுவே சரி. பல ஆம்ப்களில் பின்புறம் எஃபெக்ட்டுகளை இணைக்க, ஒலி வெளியே போகும் ஜாக், திரும்பி வரும் ஜாக் என்று இரண்டு இருக்கும். எதுவும் மாட்டாதபோது ஒலி திரும்பி வரும் ஜாக்கிலுள்ள சிறு தகடு வழியாகவே உள்ளே போகிறது. தகட்டில் துரு பிடித்தால் ஆம்ப் மெலிந்தோ விட்டுவிட்டோ பேசும். இரண்டு ஜாக்கையும் ஒரு சின்னக் கேபிளால் இணைத்தவுடன் ஒலி திரும்பினால் பழுது எங்கே என்று தெரிந்துபோகும். இதிலேயே இன்னொரு உபாயமும் இருக்கிறது. முன்பகுதி நலமா, பின்பகுதி நலமா என்று ஆம்பை இரண்டாக வெட்டிப் பார்க்கும் இடம் அந்த இரண்டு ஜாக்குகள். பாதியை விலக்கி, மிச்சத்தில் பாதியை விலக்கிப் போனால் நூறு பாகங்களில் ஒன்றைப் பிடிக்க ஏழு சோதனைக்கு மேல் தேவையில்லை. கணக்கு வகுப்பில் இதைப் படிக்காதவர்களும் மேசையில் இதைச் செய்கிறார்கள்.

ஃப்யூஸ் போன ஆம்ப்தான் உண்மையான பரீட்சை. அவசரக்காரர் புது ஃப்யூஸ் போடுகிறார், அதுவும் போகிறது. செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார், பெட்டி புகைகிறது. ஃப்யூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் ஷார்ட் ஆன பவர் டிரான்சிஸ்டர். நூறு வாட் ஆம்பில் அது ஷார்ட் ஆனால், தடுக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாதபோது, நாற்பது வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் இறங்கும். ஆறு ஓம் கம்பிச்சுருளில் அது 250 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. கூம்பு அசையாமல் நிற்பதால் காற்றோட்டமும் இல்லை. சுருள் கருகிவிடும். இதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் மருந்து சீரீஸ் போர்டு. வீடுகளிலிருந்து மறைந்துகொண்டிருக்கும் பழைய குண்டு பல்பு, 60 அல்லது 100 வாட், மின்சாரம் ஆம்புக்குப் போகும் வழியில் தொடராக மாட்டப்பட்டிருக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், ஆம்ப் பிழைக்கும். நலமாக இருந்தால் கண்டென்சர்கள் நிரம்பும் வரை ஒரு நொடி மின்னி மங்கும். டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகும் நல்ல மெக்கானிக் ஸ்பீக்கரை உடனே மாட்டுவதில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் நேர்மின்சாரம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று அளக்கிறார். அதோடும் விடுவதில்லை. அந்த டிரான்சிஸ்டர் ஏன் செத்தது? நான்கு ஓம் பெட்டிகள் இரண்டை ஒன்றாக மாட்டி இரண்டு ஓம் சுமையைத் திணித்தார்களா? ஹீட் சிங்க்கில் தடவிய பேஸ்ட் காய்ந்துபோனதா? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் அனுப்பிய ஆம்ப் விரைவிலேயே அதே பழுதோடு மேசைக்குத் திரும்பும்.

ஹம்மிங் என்ற உறுமலைக் கண்டுபிடிப்பதில் காதுக்கும் வேலை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் வடிகட்டும் பெரிய கண்டென்சர் வற்றிப்போனால் கேட்கும் உறுமல் அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். எர்த் தொடர்பு கெட்டாலோ, இரண்டு வழியாக எர்த் சுற்றினாலோ 50 ஹெர்ட்ஸ் தூக்கலாகக் கேட்கும். பேஸ் கிதாரின் மெல்லிய தந்தியைத் திறந்து மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் 49. ஆகவே உறுமலை இந்த இரண்டு சுரங்களோடு ஒப்பிட்டாலே தேடலைக் கண்டென்சர் பக்கமா, எர்த் பக்கமா தொடங்குவது என்று முடிவு செய்யலாம். கருவியும் காதும் மட்டுமே கொண்டு செய்யும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே மாற்றப்படும் பாகம் மலிவான ஒரு கண்டென்சராக இருக்கலாம். சில சமயம் ஒரு நட்டை இறுக்கினாலே போதும். பில்லில் எதை எழுதுவது? ஒன்றும் மாற்றாமல் சரிசெய்தவர் நம் கணக்குப்படி ஒன்றும் செய்யாதவர். எனவே அவர் என்ன செய்யப் பழகுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருக்கிற பத்துப் பாகத்தையும் மாற்றி, கழற்றியவற்றைச் சின்னக் கவரில் போட்டுக் காட்டுகிறார். வாடிக்கையாளருக்குத் திருப்தி. ஆனால் தேவையில்லாமல் சூடேற்றியதில் போர்டின் செம்புத் தடம் உரிந்துபோகிறது. சந்தையில் 5200, 1943 என்ற எண்களில் விற்கும் ஜோடி டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம். நல்லதைக் கழற்றிப் போலியைப் போட்டுவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

தேடலுக்குத் தனிக் கூலி என்றால் ஏமாற்றத்துக்கு வழி திறக்காதா என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு ‘போர்டு போச்சு’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர் இருக்கலாம். ஆனால் தேடலுக்குச் சாட்சி கேட்க முடியும். எங்கே அளந்தார், என்ன இருக்க வேண்டும், என்ன இருந்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம். பொய்யான அளவை அடுத்த மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். கவரில் போட்டுத் தரும் பழைய பாகங்கள் உண்மையிலேயே கெட்டவையா என்பதை நாம் எப்போதாவது சோதித்ததுண்டா? இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. இன்றைய டி வகுப்பு ஆம்ப்கள் இரண்டு மூன்று கிலோதான், பாகங்கள் கடுகளவு, சர்க்யூட் படம் அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தைத் தாண்டி வருவதில்லை, மாட்யூலையே மாற்றிவிடலாமே என்கிறார்கள். அதன் உள்ளே இருக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளைக்குக் குண்டு பல்புச் சோதனை சரிவராது என்பதும் உண்மை. மாட்யூல் மாற்றுவதே சரியாகிற சந்தர்ப்பங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டிக்கும் ஜாக் உண்டு, கனெக்டர் உண்டு, ஃபேன் உண்டு, சூட்டில் வற்றும் கண்டென்சர் உண்டு. பாதிப் பாதியாக விலக்கும் முறையும் அப்படியே செல்லும். பழுது ஜாக்கில் இருக்க, மாட்யூலை மாற்றச் சொல்வது பல்வலிக்குத் தலையை மாற்றுவது போன்றது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. இசைக் கருவிகள் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. சர்க்யூட் படத்தை வெளியிடச் செய்ய அரசுதான் முனைய வேண்டும். கூலியைச் சரிசெய்ய அரசு வரவேண்டியதில்லை. மெல்லிசைக் குழு நடத்துகிறவர்களும் தேவாலயங்களில் இசைக்கிறவர்களும் கல்லூரி மாணவர்களும் அடுத்த முறை ஆம்பைக் கொண்டுபோகும்போது கேபிளையும் ஸ்பீக்கர் வயரையும் முடிந்தால் கிதாரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஃப்யூஸில் கம்பி சுற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும் முன், பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்குரிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.