பம்ப் நின்னா முதல்ல காத்தை இறக்குங்க

1.
மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். வாட்டர் வாஷ் கடையில ஃபோம், ஷாம்பு, வீல் கிளீனர் எல்லாம் இழுத்து அடிக்கிற காத்து பம்ப் பத்தி. அது மக்கர் பண்ணா எங்கே பார்க்கணும், எந்த வரிசையில பார்க்கணும்னு சொல்றேன். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. பாதி படிச்சா புரிஞ்சிடும்.

2.
திண்டிவனத்துல சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை ரோடெல்லாம் கூடுது. அங்கிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியா விழுப்புரம் சுமார் 40 கி.மீ. கார், லாரி, ஆம்னி பஸ், கரும்பு ஏத்தின டிராக்டர்னு ராப்பகலா ஓடுற ரோடு. வண்டி ஓடுற இடத்துல வண்டி கழுவுற கடையும் இருக்கும்ல. வெளிநாட்டுல காசு போட்டுட்டு நாமளே கன்னைப் பிடிச்சுக் கழுவிக்கிற கடைகள் உண்டு. நம்ம பக்கம் பெரும்பாலும் கடைப் பசங்கதான் கழுவுவாங்க. ஆள்தான் வேற. கெமிக்கலும் காத்தும் ஒண்ணுதான்.

3.
சின்னக் கடையில ஃபோம் டேங்க் இருக்கும். கெமிக்கலை ஊத்தி மூடி, கம்ப்ரசர் காத்தை ஏத்தினா, அந்த அழுத்தத்துல நுரை வெளியே வரும். கொஞ்சம் பெரிய கடைன்னா டயஃப்ரம் பம்ப். இதுல கரண்ட் மோட்டார் கிடையாது. நடுவுல ஒரு தண்டு, அதோட ரெண்டு முனையிலயும் ரப்பர் சவ்வு. காத்து ஒரு பக்கத்து சவ்வைத் தள்ளும்போது அந்தப் பக்கம் இருக்கிற கெமிக்கல் வெளியே போகும். அதே நேரம் தண்டு இழுக்கிறதால எதிர்ப்பக்கம் டிரம்ல இருந்து கெமிக்கலை உறிஞ்சும். அப்புறம் பக்கம் மாறும். தக்... தக்... தக்னு கேட்குதே, அந்தச் சத்தம்தான். உள்ளே வர ரெண்டு வால்வு, வெளியே போக ரெண்டு வால்வு, மொத்தம் நாலு. 1955இல் அமெரிக்காவில் ஜிம் வில்டன் என்பவர் உருவாக்கிய வடிவம் இது.

4.
நாலு வால்வு, விரிஞ்சு சுருங்குற சவ்வு, தக் தக் சத்தம். உங்களுக்கும் இதயம் ஞாபகம் வருதா? 1982 டிசம்பரில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தைப் பொருத்தினாங்க. அதுவும் காத்துல ஓடுற டயஃப்ரம் பம்ப்தான். கட்டில் பக்கத்துல காத்து மெஷின், அங்கிருந்து நெஞ்சுக்குள்ள ட்யூப். 13ஆம் நாள் சிக்கல். தேடிப் பார்த்தா ஒரு வால்வு உடைஞ்சிருந்தது. இடது பக்கத்தை மட்டும் மாத்தினாங்க. மொத்தம் 112 நாள் உயிரோட இருந்தார். எது கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் மாத்தினாங்க பாருங்க, அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

5.
நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்க ஸ்கேன் எழுத மாட்டோம், கேள்விதான் கேட்போம். பம்புக்கும் அப்படித்தான். நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சா? புது டிரம் மாத்தினீங்களா? வேற கம்பெனி கெமிக்கலா? சத்தம் வருதா, வரலையா? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை கிடைச்சிடும்.

6.
சத்தமே இல்லைன்னா காத்துப் பக்கம் பாருங்க. கம்ப்ரசர்ல அழுத்தம் இருக்கா, ரெகுலேட்டரை யாராவது குறைச்சு வச்சாங்களா, ட்யூப் மடங்கிக் கிடக்கா. இதெல்லாம் சரின்னா, காத்தைப் பக்கம் மாத்தி விடுற உள் வால்வு சிக்கியிருக்கலாம். காரணம் பெரும்பாலும் தண்ணி. ஈரக் காத்தை அமுக்கினா கம்ப்ரசர் டேங்குல தண்ணி சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில கேட்கவே வேணாம். அந்தத் தண்ணியும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து பிசுக்காகி வால்வுல ஒட்டிக்கும். தினமும் கடை மூடும்போது டேங்கோட அடியில இருக்கிற ட்ரெயினைத் திறந்து விட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். காத்து வெளியேறுற சைலன்சர் அடைச்சிருந்தாலும் பம்ப் நிக்கும்.

7.
சத்தம் வருது, கெமிக்கல் வரலைன்னா உறிஞ்சுற பக்கம் பாருங்க. டிரம் காலியா? ட்யூப் முனையில இருக்கிற ஃபில்டர்ல கசடு அடைச்சிருக்கா? கிளாம்ப் லூசாகி ட்யூப் காத்து இழுக்குதா? ஸ்ட்ரா நடுவுல ஓட்டை விழுந்தா இளநி ஏறாதுல்ல, அதே கதைதான். எல்லாம் சரின்னா நாலு வால்வுல ஒண்ணுல மண்ணோ, காய்ஞ்ச ஷாம்புக் கட்டியோ மாட்டியிருக்கும். வால்வு முழுசா மூடலைன்னா தள்ளினது திரும்பி வரும். இதயத்துல இதுக்கு வால்வுக் கசிவுன்னு பேர்.

8.
கன்னை மூடின பிறகும் தக் தக்னு ஓடுதா? நல்ல பம்ப், கன்னை மூடினதும் அழுத்தம் சமமாகித் தானா நிக்கணும். நிக்கலைன்னா எங்கேயோ கசியுது. வெளியே ஹோஸ்ல ஈரம் இல்லைன்னா உள்ளே வால்வு மூடலை.

9.
காத்து வெளியேறுற வழியில நுரையோ கெமிக்கலோ வந்தா வேற சந்தேகமே வேணாம், சவ்வு கிழிஞ்சாச்சு. உடனே நிறுத்துங்க. பல நேரம் இது தேய்மானம் இல்ல, பொருந்தாத ரப்பர். ஈ.பி.டி.எம். ரப்பர் காரத்தைத் தாங்கும், ஆனா டீசல், மண்ணெண்ணெய் பட்டா ஊதிடும். விட்டான் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், கடுமையான காரத்துல வீணாகும். ஷாம்பு இழுக்கிற பம்புலயே வண்டியோட அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கிற பழக்கம் இருந்தா, சவ்வு சீக்கிரம் போறதுக்கு அதுதான் காரணம்.

10.
இப்போ என் துறைக்கு வர்றேன். மேலே சொன்ன எதைக் கழட்டுறதா இருந்தாலும் ஒண்ணை மறக்கக் கூடாது. நின்ன பம்ப், செத்த பம்ப் இல்ல. காத்து 60 பி.எஸ்.ஐ. கொடுத்தா, வெளியே போற ஹோஸ்ல கெமிக்கலும் கிட்டத்தட்ட அதே 60ல நிக்கும். கார் டயர்ல இருக்கிற அழுத்தத்துக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பம்ப் அமைதியா இருக்கும், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். கிளாம்பை லூஸ் பண்ணின நொடி, நேரா முகத்துலதான் வந்து அடிக்கும்.

11.
நான் கண் டாக்டர் இல்ல. ஆனா அவசர சிகிச்சைக்கு வர்றவங்களை முதல்ல பார்க்கிறது எங்களை மாதிரி ஆட்கள்தான். ரெண்டு பேரைப் பத்திச் சொல்றேன், பேரும் ஊரும் வேணாம். முதல் தம்பிக்கு 22 வயசு இருக்கும். நுரை வரலைன்னு ஹோஸைக் கழட்டியிருக்கான். தண்ணி கலக்காத கெமிக்கல் வலது கண்ணுல. துண்டால துடைச்சுட்டு, முதலாளி பைக்ல ஏத்தி அரை மணி நேரத்துல கொண்டுவந்துட்டார். இன்னொருத்தருக்கும் கிட்டத்தட்ட அதே விபத்துதான். ஆனா கூட வேலை பார்த்த அண்ணன் அவரை எங்கேயும் போகவிடலை. குழாயடியில படுக்கவச்சு, இமையைப் பிரிச்சுப் பிடிச்சு, அரை மணி நேரம் தண்ணி விட்டிருக்கார். அவங்க வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

12.
லேட்டா வந்தவருக்கு ஒரு வாரம் கண் சிவந்திருந்தது, அப்புறம் சரியாயிடுச்சு. சீக்கிரம் வந்த தம்பிக்குக் கருவிழி சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. பல மாசம் சிகிச்சைக்கு அப்புறமும் அந்தக் கண்ணால விரலை எண்ணத்தான் முடியுது. முதலாளி மேல குத்தம் சொல்ல முடியாது. அவர் பதறி ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில இருக்கிற மருந்தைவிடக் கடையில இருக்கிற குழாய்த் தண்ணிதான் முதல் மருந்துன்னு அவருக்கு யாரும் சொல்லித்தரலை.

13.
ஏன் இப்படி? ஆசிட் பட்டா திசுவுல இருக்கிற புரதம் உறைஞ்சு ஒரு தடுப்பு மாதிரி ஆகும். ஓரளவுக்கு அதுவே ஆசிட்டைத் தடுக்கும். காரம் அப்படி இல்ல. செல்லோட கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைச்சுக்கிட்டே உள்ளே போகும். எண்ணெயும் காரமும் சேர்ந்தா சோப்பு ஆகுதுல்ல, கண்ணுலயும் அதே வேதியியல்தான். சில நிமிஷத்துலயே கருவிழியைத் தாண்டி உள்ளே போயிடும். கிரீஸை அறுக்குற வாஷ் கெமிக்கல் பலதும் காரம்தான்.

14.
ஆசிட்லயும் ஒரு விதிவிலக்கு உண்டு. சில வீல் கிளீனர், துரு நீக்கிகளில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அதோட உப்போ இருக்கும். கையில பட்டா உடனே வலிக்காமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழிச்சு எலும்பைக் குடையுற மாதிரி வலிக்கும். அது உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அளவு அதிகமானா இதயத் துடிப்பே தடம் மாறும். கால்சியம் குளூகோனேட்னு இதுக்குத் தனி மருந்து இருக்கு. அதனால கேன் லேபிளை போட்டோ எடுத்துட்டு வாங்க. லேபிள் இல்லாத கெமிக்கலை வாங்கவே வாங்காதீங்க.

15.
பம்பைக் கழட்டுற வரிசை இதுதான்.
முதல்ல கண்ணாடியும் கையுறையும் போடுங்க.
கம்ப்ரசர் பக்கத்து வால்வை மூடி, பம்புல இருந்து காத்து ட்யூபைப் பிடுங்குங்க. சாதா வால்வை மூடினா மட்டும் போதாது, வால்வுக்கும் பம்புக்கும் நடுவுல காத்து மாட்டிக்கிட்டிருக்கும்.
கன்னை ஒரு வாளிக்குள்ள திறந்து, ஹோஸ் தளர்ற வரைக்கும் அழுத்தத்தை விடுங்க.
முகத்தைத் திருப்பிக்கிட்டு, கிளாம்ப் மேல துணியைப் போட்டு மெதுவா லூஸ் பண்ணுங்க.
ஃபோம் டேங்க் மூடிக்கும் இதே கதைதான். மீட்டர் முள் பூஜ்ஜியத்துக்கு வந்தாலும், காத்து விடுற வால்வைத் திறந்து பார்த்துட்டுத்தான் மூடியில கை வைக்கணும்.

16.
மீறிக் கண்ணுல பட்டுடுச்சுன்னா, அந்த நொடியிலேயே தண்ணி. மினரல் வாட்டர் தேடாதீங்க, சுத்தமான எந்தத் தண்ணியும் போதும். வண்டி கழுவுற பிரஷர் கன்னை மட்டும் கண் பக்கம் கொண்டு போயிடாதீங்க. இமையை ரெண்டு விரலால பிரிச்சுப் பிடிச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து காதுப் பக்கமா, கடிகாரம் பார்த்து 30 நிமிஷம் விடுங்க. கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேணாம். காரத்துக்கு ஆசிட் ஊத்திச் சரிக்கட்டுற வேலையும் வேணாம். கழுவிக்கிட்டிருக்கும்போதே இன்னொருத்தர் 108க்கு போன் பண்ணட்டும். ஆஸ்பத்திரி வாசல்லயே "கெமிக்கல் கண்ணுல பட்டுடுச்சு"ன்னு சத்தமா சொல்லுங்க, டோக்கன் வரிசையில நிக்காதீங்க.

17.
கடை வச்சிருக்கிற அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்க. கெமிக்கல் டிரம் பக்கத்துலயே ஒரு சாதாரணக் குழாய் இருக்கட்டும். பம்புக்கு மேல சுவத்துல பெயின்ட்ல ரெண்டே வரி எழுதிடுங்க: "காத்தை இறக்கிட்டுக் கழட்டு. கண்ணுல பட்டா 30 நிமிஷம் தண்ணி."

கடை இல்லாதவங்களும் இதை ஷேர் பண்ணலாம். அடுத்த தடவை வண்டி கழுவ விடும்போது, அந்தத் தம்பி கண்ணாடி போட்டிருக்கானான்னு பாருங்க. போடலைன்னா இந்த த்ரெட்டை அவன்கிட்ட காட்டுங்க.