மஞ்சள் பையில் இருந்த சாட்சி



ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடிக் குடும்பத்துச் சிறுமி. பத்து வயது. முழங்காலுக்குக் கீழே வீக்கம், ராத்திரியானால் வலி. சில மாதத்தில் காறை எலும்பும் வீங்கியது.

அடிவாரச் சேரியில் பிறந்த நான் அவர்களுக்குத் துணைக்குப் போனேன். ஜமுனாமரத்தூரில் காலை பஸ் பிடித்துப் போளூரில் இறங்கி, அங்கிருந்து அடுத்த பஸ். போகிற ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவுக்குக் கூலி கிடையாது.

முதலில் சீழ்க்கட்டு என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். குறையவில்லை. பிறகு எலும்புக் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை. அதற்கும் குறையவில்லை. "நீ ஒழுங்கா குடுத்திருக்க மாட்ட" என்றார் ஒரு மருத்துவர். அந்த அம்மா நின்றுகொண்டே கேட்டார். நானும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மருத்துவர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா. ஆரம்பத்துலருந்து சொல்லுங்க." அம்மா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். எக்ஸ்ரே படங்கள், சீட்டுகள், ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்த காலி மாத்திரை அட்டைகள். மருத்துவர் எண்ணிப் பார்த்தார். அத்தனையும் சாப்பிட்டும் வீக்கம் வற்றவில்லை என்றால், இது கிருமியால் வந்தது இல்லையோ என்று அங்கேதான் சந்தேகம் வந்தது.

எலும்புத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை, புற்றுநோயும் இல்லை. உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, வலியே தெரியாத இடத்திலும் எலும்பு அழற்சி இருந்தது. நோயின் பெயர் சுருக்கமாக சி.ஆர்.எம்.ஓ. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் எலும்பையே தாக்கும் அரிய நோய். 1972-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். இதை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. தொற்று, காசநோய், புற்றுநோய் என ஒவ்வொன்றாக இல்லை என்று தள்ளித்தான் இங்கே வந்து சேர வேண்டும்.

முதலில் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நாப்ராக்சன். வலிக்கும் வீக்கத்துக்குமான மலிவான மாத்திரை. அதற்கு அடங்காதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. அவளுக்கு இதிலேயே வலி குறைந்தது, பள்ளிக்கூடம் போகிறாள். நோய் போய்ப் போய் வரும், அதனால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

மருந்து மலிவு. நோயின் பெயரைக் கண்டுபிடிக்கத்தான் விலை அதிகம். திரும்பத் திரும்ப மலையிறங்க முடிந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது. முடியாதவர்கள் முதல் தப்பான பெயரோடு நின்றுவிடுகிறார்கள்.

2023 மே மாதம் இதே மலைத்தொடரின் அல்லேரியில் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்தார். நாடே பார்த்தது. வருஷக்கணக்கில் வலியோடு திண்ணையில் கிடக்கிற பிள்ளை செய்தியாவதில்லை.

நீங்கள் யாருக்காவது துணைக்குப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். படம், சீட்டு, காலி அட்டை எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். வலி வந்த தேதிகளை எழுதி வையுங்கள். மருந்து கேட்கவில்லை என்றால், "வேறு நோயாக இருக்குமா, யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள்.

தாயைக் குற்றம் சொன்னால் அந்த இடத்திலேயே வாயைத் திறங்கள். நான் திறக்கவில்லை.

ஜெய்பீம்.