தொடாத கைகள்

ஹவாய்த் தீவின் கோனா கடற்கரையில் இரவு கவிந்ததும், மூச்சுக்குழல் அணிந்தோர் விளக்குகள் பொருத்திய மிதவைப் பலகையைப் பற்றியவாறு நீர்மேல் குப்புறக் கிடக்கின்றனர். ஒளியை நாடி நுண்ணிய மிதவையுயிரிகள் திரள்கின்றன. அவற்றை உண்ண மாண்டா திருக்கைகள் வருகின்றன. பத்தடி அளவுக்கு விரியும் சிறகுகளையும் திறந்த வாயையும் முதன்முறை காண்பவர் அஞ்சுவர். ஆயினும், அவற்றுக்கு நச்சுமுள் இல்லை. அவை நீருக்குள் கரணமிட்டு, முகத்தருகே வந்து, உரசாமல் திரும்புகின்றன.

அச்சம் அகன்றதும் தொட்டுப் பார்க்கும் ஆசை எழுகிறது. தொட்டால், மேனியைக் காக்கும் வழுவழுப்பான படலம் சிதையும். ஏறத்தாழ ஓராண்டு கருச்சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும் உயிரினம் அது. அதனைப் பிடிப்பதையும் கொல்வதையும் ஹவாய் மாநிலம் 2009ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. இருளில் நீளும் கையைத் தடுப்பதோ அவரவர் மனமே.