பனி நாட்டில் கொதிக்கும் எஞ்சின்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, மொன்றியல் நகருக்குக் கிழக்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், வால்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. பெரிய மாளிகைகளைத் தேடிச் செல்பவருக்கு அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பழைய மோட்டார்க் கராஜ் இருக்கிறது. யோசப் ஆர்மன் பொம்பார்டியே என்பவர் 1926 ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாவது வயதில், தொழில் தொடங்கிய கராஜ் அது. அதனை இன்று அவ்வூர் நூதனசாலையின் ஓர் அங்கமாகப் பேணி வருகிறார்கள்.

அந்நாளில் மாரி வந்துவிட்டால் கியூபெக் நாட்டுப்புற வீதிகள் பனியில் மறைந்துபோம். மோட்டார் வண்டிகள் வசந்தம் வரும்வரை கொட்டிலில் முடங்கிக் கிடக்கும். 1934 ஆம் ஆண்டு மாரியில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் வருந்தினான். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேற் செல்லும் வண்டியைப் பற்றிச் சிறு வயது முதலே ஆராய்ந்து வந்த அத் தந்தை, பற்சில்லினால் இழுக்கப்படும் பட்டை ஒன்றை அமைத்து 1937 இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் செல்லும் வண்டி முதலில் வந்தது. 1942 இல் பன்னிரண்டு பேர் செல்வது வந்தது. வைத்தியரும் தபாலும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றிலே பனியைக் கடந்தனர். ஓரிருவர் ஏறிச்செல்லும் சிறிய 'ஸ்கி-டூ' 1959 இல் தோன்றிற்று. ஸ்னோமோபில் என வழங்கும் அவ்வகை வண்டியைப் பனிவண்டி என்றே நாம் இங்கு குறிப்போம்.

2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாம் அம் மாகாணத்துக்குச் சென்றிருந்தோம். எம்மிடம் முன்பு கற்று, இப்போது மொன்றியலில் வாழும் மாணவர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். பனிவண்டிக்கென்றே 30,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் அங்கே உள்ளன. இரவிலே யந்திரங்கள் அவற்றைச் சமப்படுத்தி இறுக்கிவிடும். முதல் நாள் மழை தூறி, இரவில் உறைந்திருந்தமையால், நாம் சென்ற அன்று பாதை கண்ணாடிபோல் பளபளத்தது. குளிரோ பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை. வழிகாட்டி முன்னே செல்ல நாம் இருவரும் ஒரு வண்டியில் பின்தொடர்ந்தோம். அரைமணி நேரம் ஆகியிருக்கும். எரிந்த பிளாஸ்ரிக்கின் நெடி மூக்கில் ஏறிற்று. உடனே எமக்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது.

"சேர், எஞ்சின் கொதிக்குது!" என்றார் மாணவர்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியின் றேடியேற்றர் கொதித்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அது வெயிலும் ஏற்றமும் சேர்ந்து செய்யும் வேலை. மூச்சுக்காற்றே மீசையில் உறையும் நாட்டில் எஞ்சின் எவ்வாறு கொதிக்கும்? சுற்றிலும் காடு. அடுத்த தங்குமடம் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால். விளக்கைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். பின்பு அவ் வண்டி அசையாது.

வழிகாட்டி திரும்பி வந்தார். எஞ்சின் மூடியைத் திறப்பாரென எதிர்பார்த்தோம். அவர் அதனைத் தொடவேயில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, முழந்தாளிட்டு வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு பாதையைப் பூட்ஸ் குதியால் ஓங்கி உதைத்தார். ஒரு துகளும் பெயரவில்லை. "காரணம் இதுதான்" என்பதுபோல் எம்மை நோக்கித் தலையசைத்தார்.

அதன் நுட்பத்தை மாணவர் விளக்கினார். இவ் வண்டியின் எஞ்சினைச் சுற்றியோடும் குளிர்நீர், ஆசனத்தின் கீழுள்ள அலுமினியத் தட்டுகளுக்குள் சென்று மீளும். ஓடும் பட்டை பனித்தூளை வாரி அத் தட்டுகளின்மேல் வீசும். பூச்சியப் பாகையிலுள்ள ஒரு கிராம் பனி உருகுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தைக் கவரும் என்பதைப் பௌதிகம் கற்கும் பிள்ளைகள் அறிவார்கள். அவ்வாறு உருகும் பனியே இவ் வண்டிக்கு றேடியேற்றர். உறைந்து இறுகிய பாதையில் வீசுவதற்குத் தூள் ஏது? பட்டை வழுக்கிச் செல்வதற்கென அமைந்த பிளாஸ்ரிக் சட்டங்களுக்கும் ஈரமான பனியே எண்ணெய். அது கிடையாதபோது அவை உராய்ந்து உருகும். எமக்கு எட்டிய நெடி அதுவே.

வழிகாட்டி பாதையோரத்திலிருந்து பனியை அள்ளித் தட்டுகளின் அடியில் அப்பினார். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. சற்று நேரத்தில் எஞ்சினை முடுக்க, விளக்கு எரியவில்லை. அதன்பின் பாதையின் ஓரத்து மென்பனியிலேயே ஓட்டும்படி பணித்தார். தங்குமடம் வரை விளக்கு மீண்டும் எரியவில்லை.

மென்பனியிலும் அது எரிந்திருந்தால் என் செய்வீர் என்று கோப்பி அருந்தும்போது வினவினோம். மனிதர் உற்சாகமாகிவிட்டார். அப்போதுதான் நோய் உள்ளே இருக்கிறது என்று கொள்ளவேண்டுமாம். எஞ்சின் சுட, தட்டுகள் குளிர்ந்திருக்குமானால், நீர் சுற்றியோடவில்லை. முதலில் நீரின் அளவைப் பார்க்கவேண்டும். ஆனால் ஆறுமுன் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பாயும். அளவு சரியாயின் குழாயினுள் காற்று அடைத்திருக்கலாம். புதிதாக நீர் மாற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நேரும். உயர்ந்த இடத்திலுள்ள திருகாணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றவேண்டும். அதுவும் இல்லையெனில் வெப்பத்தால் தானே திறக்கவேண்டிய தேர்மோஸ்டாற் மூடியபடி சிக்கியிருக்கும். அதனைக் கழற்றிச் சுடுநீர்ப் பாத்திரத்தில் இட்டால் திறக்கிறதா என்று கண்ணாலே காணலாம். நீரைத் தள்ளும் பம்பு சுழலாதிருப்பதும் ஒரு காரணம்.

நீர் நாள்தோறும் குறைந்துவந்தால் கதை வேறு. பிடிப்புக்காகப் பட்டையிலே பதித்த உருக்கு ஆணிகள் தட்டைத் துளைத்திருக்கக்கூடும். எஞ்சின் ஓடுகையில் நீர்ப் புட்டியில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால், சிலிண்டர்த் தலையின் கஸ்கற் பழுதுற்றது எனச் சந்தேகிக்க வேண்டியதுதான். நீரின்றி விசிறிக் காற்றினாற் குளிரும் வண்டிகளில் விசிறியின் வாரை முதலிற் பார்ப்பார்களாம். எஞ்சின் குளிர்ந்திருக்கவும் விளக்கு எரிவதுண்டு. அங்கே பழுது உணர்கருவியில் அல்லது அதன் கம்பியில் இருக்கும்.

உறைந்த பாதைக்கும் மருந்து இருக்கிறது. கீறிகள் எனத்தக்க இரு உருக்குக் கம்பிகளைச் சட்டங்களின் அருகே பொருத்தி, வேண்டும்போது கீழிறக்கிவிடுவார்கள். அவை பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கும்; பட்டை அத் தூளை வாரித் தட்டுகளுக்கு வீசும். வழிகாட்டியின் வண்டியில் அவை இருந்தன. நாம் ஏறிய வண்டியில் இல்லை. பிற்பகல் மீண்டு செல்லும்போது அவர் எம்மைத் தமது வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, எமது வண்டியைத் தாமே ஓரமாக ஓட்டி வந்தார்.