பனம்பழக் காலத்தில் பளைக்கு

புரட்டாதி மாதத்து வெயில் காலை எட்டு மணிக்கே சுட்டது. யாழ்ப்பாணத்தில் நான் ஏறிய பஸ் சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் என்று சந்திக்குச் சந்தி நின்று பளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் மடியில் ஒரு பெரிய பை. அதற்குள் நிறத்தாள்கள், பசை, கத்தரிக்கோல்கள். கூடவே வெளிநாட்டுக் கைநூல் ஒன்றின் போட்டோப் பிரதி. முதியோர் செய்யக்கூடிய இலகுவான இலையுதிர்காலக் கைப்பணிகள் பற்றியது அது.

ஒக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். ஐக்கிய நாடுகள் சபை 1990இல் தீர்மானித்த நாள். அதற்கு முன்பாகப் பளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முதியோர் சங்கத்தில் கைப்பணி வகுப்பு நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள், பத்து வருடமாகக் கிராமங்களில் வேலை செய்பவள் என்ற நம்பிக்கையுடன் போனேன்.

முகமாலையைக் கடக்கும்போது பஸ்ஸில் கதை குறைந்துவிடும். 2006 ஓகஸ்ட் மாதம் ஏ9 வீதி மூடப்பட்டது இந்த இடத்தில்தான். போர் 2009இல் முடிந்த பின்னரும் இங்கே வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகளை இந்தப் பாதையில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். அவற்றைச் சுற்றி வடலிகள் எழும்பின. விழுந்த பனம்பழத்தை எவரும் பொறுக்காவிட்டால் விதை கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். ஆட்கள் கால் வைக்க முடியாத நிலத்தில் பனை தன் பாட்டில் பெருகியிருந்தது.

பளையில் இறங்கி ஓட்டோவில் கிராமத்துக்குப் போனேன். வழியெல்லாம் பனம்பழ வாசம். ஒரு முற்றத்தில் பாயில் பனாட்டு காய்ந்தது. இன்னொரு வளவில் மழைக்கு முன்பு விதைகளை அடுக்கிக் கிழங்குப் பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சங்கக் கொட்டிலுக்குப் பதினொரு பேர் வந்திருந்தனர். ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் அநேகமானோர் முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பிக் குடியேறியவர்கள். நான் மேப்பிள் இலையின் வடிவத்தைச் செம்மஞ்சள் தாளில் வெட்டி, மட்டையில் ஒட்டிக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன இலை?"

குளிர்நாட்டு மரத்தின் இலை என்றும், குளிர் வரமுன் இப்படி நிறம் மாறிக் கொட்டும் என்றும் விளக்கினேன்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இதைச் செய்து ஆருக்குக் குடுக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் கொண்டு போனது இலகுவான வேலைதான். ஆனால் அந்த வேலையின் முடிவில் அதை வேண்டும் என்று கேட்க அங்கே எவரும் இல்லை. வயது போனவர்களின் பொழுதைப் போக்கினால் போதும் என்று நினைத்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆச்சி, நீங்கள் முன்னம் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியோடு கொட்டில் மாறிவிட்டது. நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், குட்டான், தடுக்கு, கொட்டைப்பெட்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு மருமகள் ஒருவர் உலர்த்தி வைத்திருந்த சார்வோலைக் கட்டைத் தூக்கி வந்தார். யாரோ ஒருவர் சத்தகத்துக்கு ஆள் அனுப்பினார். என் நிறத்தாள்கள் பைக்குள் போயின. அன்றைய வகுப்பை அவர்கள்தான் எனக்கு நடத்தினார்கள்.

ஈர்க்கை நீக்கி ஓலையை ஒரே அகலத்தில் வார்வதற்குக் கண் பார்வை வேண்டும். அதை அந்த மருமகள் செய்தார். இழைப்பதற்கு விரல் போதும். கண்புரை உள்ள ஒரு ஆச்சி தடுக்கின் பக்கமே பார்க்காமல், ஒன்று மேல் ஒன்று கீழாக ஓலையைச் செருகி, எங்களோடு கதைத்தபடி இழைத்துக்கொண்டு போனார். விரல் மூட்டு நோகும் ஒருவருக்குக் கால் அங்குலத்துக்குப் பதிலாக ஓர் அங்குல அகலத்தில் ஓலை வார்ந்து கொடுத்தார்கள். அகல ஓலையில் இழைகள் குறைவு, வேலையும் கெதியாக முடியும். நிலத்தில் இருக்க முடியாதவர் கதிரையில் இருந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறினால் ஓலை முறியும். எனவே பனி ஈரம் உள்ள விடிகாலையில் இழைப்பது நல்லது. பகலில் என்றால் தண்ணீர் தெளித்து, துணியால் சிறிது நேரம் மூடி வைக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மாரிக்கு வேண்டிய ஓலையை இந்தப் பனம்பழக் காலத்து வெயிலிலேயே காயவைத்து, அடுப்படிப் பரணில் கட்டி வைப்பார்களாம். உயர்ந்த பனையில் ஏற ஆளில்லாத வீட்டில் வடலியில் வெட்டலாம். ஆனால் ஒரே வடலியில் திரும்பத் திரும்பக் குருத்தை எடுத்தால் மரம் நலிந்துவிடும்.

ஓரத்தில் ஓர் அம்மா இருந்தார். என் தாளையும் தொடவில்லை, ஓலையையும் தொடவில்லை. 2009இல் மகனைத் தொலைத்தவர், அதன் பிறகு கூட்டங்களில் வாய் திறப்பதில்லை என்று மற்றவர்கள் எனக்கு மெதுவாகச் சொன்னார்கள். மத்தியானம் போல அவர் எழுந்து வந்து, கீழே கிடந்த கைநூல் பிரதியில் ஒரு தாளை எடுத்தார்.

"இந்தக் கடதாசி எல்லா இடமும் இந்த அளவுதானே பிள்ளை?"

"ஓம் அம்மா. கந்தோர்களில் குடுக்கிறதும் இந்த அளவுதான்."

அந்தத் தாளை நிலத்தில் விரித்து, நாலு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு ஓலையை அளந்தார். மூடி போட்ட பெட்டி ஒன்று இழைக்கப் போகிறாராம். மகனின் படம், முறைப்பாடுகளின் பிரதிகள், பதில் கடிதங்கள் எல்லாவற்றையும் சொப்பின் பைக்குள் வைத்துத்தான் கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிந்தார். பை கிழிந்து கிழிந்து, கடதாசிகளின் மூலைகள் மடங்கிப் போயிருந்தன.

"மடங்காமல் இருக்க வேணும்" என்றார். நான் அங்கிருந்து வெளிக்கிடும்போது பெட்டியின் அடி மட்டும் முடிந்திருந்தது.

ஒக்டோபர் 1ஆம் திகதி மறுபடி போனேன். மேசையில் தடுக்குகள், விசிறிகள், நீத்துப்பெட்டிகள். நீத்துப்பெட்டிகள் பத்து மணிக்கு முன்பே முடிந்துவிட்டன. வாங்கியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். பிட்டு அவிக்க எல்லோருக்கும் அது வேண்டும். கண்புரை ஆச்சி தன் பங்குக் காசை எண்ணிப் பார்த்து, கொட்டைப்பெட்டிக்குள் வைத்து, பேத்திக்குக் கொப்பி வாங்க வேண்டும் என்றார்.

அந்த அம்மாவை மட்டும் காணவில்லை. மகனின் விடயமாகக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். பெட்டியையும் கையோடு கொண்டு போய்விட்டார் என்றார்கள். ஓலைப்பெட்டி அவருடைய மகனைத் தேடித் தராது என்பது எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கு எது தேவை என்பதை அவரே சொல்லி, தன் கையாலேயே அதைச் செய்திருக்கிறார். பத்து வருட வேலையில் நான் கொடுத்த பல உதவிகள் அப்படி இருந்ததில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்கிறது. சோறும் மருந்தும் கொடுத்தால் அந்தக் கடமை முடிந்ததாக நாம் நினைத்துவிடுகிறோம். அவர்களிடம் கேட்டுப் படிக்கவும் எங்களுக்கு இருக்கிறது.

அன்பான சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஓர் அம்மம்மாவோ மாமியோ இருந்தால், மழை வரமுன் ஒரு கட்டுச் சார்வோலை காயவைத்துக் கொடுங்கள். ஓலை எடுப்பது கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் இருக்கட்டும். சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கு ஓலைக்காகவோ பனம்பழத்துக்காகவோ போக வேண்டாம். ஓலையை நீங்கள் வார்ந்து கொடுங்கள், அவர்கள் இழைக்கட்டும். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். என்ன இழைப்பது என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

என்னுடைய நிறத்தாள்கள் வீணாகவில்லை. கிராமத்து முன்பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் அவற்றில் பனம்பழம் வெட்டி ஒட்டினார்கள்.